அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான தற்காப்புச் சட்டப் பாதுகாப்பு: திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பங்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரியும். 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஓஹையோ, மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களில் ஆசிய, இந்திய வம்சாவளிக் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, ஆயுதத்தோடு வீடு புகுந்து கொள்ளையடித்த கும்பல் ஒன்று இருந்தது. அதன் தலைவிக்கு 2019-ல் 37 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டுத் துப்பாக்கி வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. பெட்ரோல் பங்க், மதுக்கடை, மோட்டல் நடத்துபவர்கள் அதற்கும் முன்பிருந்தே வைத்திருக்கிறார்கள்.

வாங்குபவர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள், பூட்டிவைக்கப் பெட்டகம் வாங்குகிறார்கள். ஆனால் ஒருநாள் உண்மையிலேயே சுட நேர்ந்தால் அதன்பிறகு வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் யார் பணம் தருவார் என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. சந்தா கட்டினால் அந்தச் செலவை ஏற்பதாகச் சொல்லும் திட்டங்கள் உண்டு. கேட்பவர்களும் பெரும்பாலும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து அப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தொகையைவிட முக்கியமானவை இரண்டு: பணம் எந்தக் கட்டத்தில் வரும், தராமல் விடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டையும் சுற்றியே போகும்.

படி 1: உங்கள் விசா நிலையைப் பாருங்கள்

எந்தத் திட்டத்தையும் பார்க்கும் முன் இதை முடித்துவிடுங்கள். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் சட்டத்தின் பார்வையில் "வைத்திருப்பதே". கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தத் தடை இல்லை.

இதை ஏன் முதல் படியாக வைத்தேன் என்றால், சட்டவிரோதமாக வைத்திருந்த துப்பாக்கியால் நடந்த சம்பவத்தைத் திட்டங்கள் விலக்கிவிடும். கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி இன்னும் தற்காலிக விசாவில் என்ற வீடுகள் நம்மிடையே உண்டு. கணவர் ஊரில் இல்லாத நேரத்துக்காகப் பெட்டகத்தின் எண்ணை மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தால், மனைவியும் துப்பாக்கியை வைத்திருந்ததாகவே அரசுத் தரப்பு வாதிட முடியும். "குடும்ப உறுப்பினர்களுக்கும் பாதுகாப்பு உண்டு" என்று திட்டம் சொல்வது இங்கே உதவாது.

படி 2: எந்தெந்தச் செலவு வரும் என்று புரிந்துகொள்ளுங்கள்

தற்காப்புக்காகச் சுட்டவர் மீது இரண்டு தனித்தனி வழக்குகள் வரலாம். ஒன்று அரசு தொடுக்கும் குற்ற வழக்கு. மற்றொன்று சுடப்பட்டவரோ அவரது குடும்பமோ நஷ்ட ஈடு கேட்டுத் தொடுக்கும் சிவில் வழக்கு. முதலாவதில் விடுதலை ஆனாலும் இரண்டாவது தானாக முடிந்துவிடாது. சிவில் வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு.

1984-ல் நியூயார்க் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்களைச் சுட்ட பெர்னார்ட் கெட்ஸ், 1987-ல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்காக மட்டும் தண்டனை பெற்றார். ஆனால் சுடப்பட்டதில் உடல் முடங்கிப்போன இளைஞருக்கு 43 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று 1996-ல் சிவில் ஜூரி தீர்ப்பளித்தது. கெட்ஸ் திவால் மனு போட்டார்.

இன்னொரு வழக்கு மனதை உலுக்குவது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் தவறான வீட்டின் கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் சுட்டார், மாணவன் இறந்தான். 1993-ல் ஜூரி அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு சிவில் நீதிமன்றம் ஏறத்தாழ 6,50,000 டாலர் நஷ்ட ஈடு தரச் சொன்னது. அவருடைய வீட்டு இன்சூரன்ஸ் கொடுத்தது 1,00,000 டாலர்.

சில மாநிலங்களில் சிவில் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. டெக்சஸில் தண்டனைச் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயப்படி நியாயமான தற்காப்பு என்றால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு கிடையாது. புளோரிடாவிலும் அப்படித்தான். ஆனால் "நியாயமானது" என்று காட்டுவதற்கே வக்கீல் வேண்டும், அதற்கே பணம் வேண்டும். குற்ற வழக்கில் அரசு செலவில் வக்கீல் கிடைப்பாரே என்று நினைக்கலாம். 1963-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த உரிமையை வசதியில்லாதவர்களுக்குத்தான் தருகிறது. சம்பளமும் வீடும் இருக்கிற நம்மில் பலர் அதற்குத் தகுதி பெற மாட்டோம்.

படி 3: கையில் ஏற்கெனவே இருக்கும் பாலிசியை எடுங்கள்

வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, தனிநபர் பொறுப்பு பற்றிய பகுதியைப் படியுங்கள். வேண்டுமென்றே செய்த காயத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதில் இருக்கும். அதன் கீழேயே, ஆட்களையோ உடைமையையோ காக்க நியாயமான பலத்தைப் பயன்படுத்தியதால் வந்த காயத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. இருந்தால் சிவில் வழக்குக்கு ஓரளவு துணை. அம்பிரெல்லா பாலிசி (மற்ற பாலிசிகளின் வரம்புக்கு மேல் வரும் பொறுப்புக்கான கூடுதல் பாலிசி) எடுத்திருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். குற்ற வழக்குக்கு இவை இரண்டும் பைசா தராது.

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2022 டிசம்பரில் அந்த மாநிலம், வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்பவர்கள் 3,00,000 டாலர் பொறுப்பு இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2023-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பகுதிக்குத் தடை விதித்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரமும் துப்பாக்கி உரிமையாளர்களுக்கு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. இவை விபத்தில் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கானவை. தற்காப்பு வழக்கில் உங்களுக்கு வக்கீல் வைக்க உதவாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள்.

படி 4: திட்டங்களின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: மாதம் பொதுவாகச் சில பத்து டாலர், ஒரு அட்டை, ஒரு அவசர எண். உள்ளே அமைப்பு வேறு.

இன்சூரன்ஸை அடிப்படையாகக் கொண்டவை ஒரு வகை. விஸ்கான்சின் மாநிலத்தின் வெஸ்ட் பெண்டைத் தலைமையிடமாகக் கொண்ட யூஎஸ்சிசிஏ (யூ.எஸ். கன்சீல்டு கேரி அசோசியேஷன்) இதில் பெரியது. இங்கே பாலிசி அமைப்பின் பெயரில் இருக்கும். உறுப்பினர் அதன் பலனைப் பெறுபவர். இந்த வகையின் பலம், சிவில் நஷ்ட ஈட்டையும் ஒரு வரம்பு வரை தர முடிவது. பலவீனம், பணம் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கும் இடத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் உட்கார்ந்திருப்பது.

முன்கூட்டியே கட்டணம் கட்டும் சட்டச் சேவை இரண்டாவது வகை. டெக்சஸில் தொடங்கிய யூஎஸ் லாஷீல்டு இந்த வகை. வக்கீல் கட்டணத்துக்கு வரம்பு இல்லை என்று சொல்வார்கள், ஆனால் அவர்கள் பட்டியலில் இருக்கும் வக்கீல்தான் வருவார், நஷ்ட ஈட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஓக்லஹோமாவின் சிசிடபிள்யூ சேஃப் போன்றவையும் சட்டச் சேவையாகவே தொடங்கியவை.

மூன்றாவது, உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் நிதி. வாஷிங்டன் மாநிலத்தில் 2008-ல் தொடங்கிய ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க் இப்படிப்பட்டது. சந்தாவின் ஒரு பகுதி நிதியில் சேரும், வழக்கு வந்தால் உங்கள் வக்கீலுக்கு அதிலிருந்து பணம் போகும். நிதியில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் எல்லை. இவை தவிர, ஒரு வக்கீல் அலுவலகமே நேரடியாக உங்களைக் கட்சிக்காரராகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

பெரிய பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் கேரி கார்டு நல்ல பாடம். 2017-ல் அந்தத் திட்டம் வந்தது. வேண்டுமென்றே செய்த செயலுக்கும் குற்ற வழக்குச் செலவுக்கும் இன்சூரன்ஸ் விற்பது சட்டவிரோதம் என்று நியூயார்க்கின் நிதிச் சேவைத் துறை 2018-ல் சொன்னது. விற்பனையைக் கவனித்த லாக்டன் நிறுவனத்துக்கு 7 மில்லியன் டாலர் அபராதம். பாலிசிக்குப் பின்னால் இருந்த சப் (Chubb) என்ற இன்சூரன்ஸ் நிறுவனமும் அபராதம் கட்டியது. சங்கம் 2020-ல் 2.5 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

படி 5: ஒப்பந்தத்தை வாங்கி முழுசாகப் படியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. சேரும் முன்பே முழு ஒப்பந்தத்தையும், இன்சூரன்ஸ் வகை என்றால் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். தராத நிறுவனத்தில் சேர வேண்டாம். கிடைத்ததும் ஒரு பேனாவோடு உட்காருங்கள்.

முதலில் "தற்காப்பு" எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். "சட்டப்படியான தற்காப்புச் செயல்" என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சட்டப்படியானதா என்பதைத்தானே ஜூரி பல மாதங்கள் கழித்துத் தீர்மானிக்கப் போகிறது? அதுவரை பணம் தரலாமா என்று நிறுவனமே ஊகித்து முடிவெடுக்கும். "தற்காப்பு என்று உறுப்பினர் கூறும் செயல்" என்று இருந்தால் நிலைமை எவ்வளவோ மேல்.

லூசியானாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் 2018-ல், பிரிந்து வாழ்ந்த கணவரைக் கடையின் வாகன நிறுத்தத்தில் சுட்ட பெண் ஒருவர், தற்காப்பு என்றார். முன்பே அவர் ஒரு பெரிய திட்டத்தில் உறுப்பினர். இன்சூரன்ஸ் தரப்பு பாதுகாப்பு தர மறுத்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022-ல் ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. அந்த முடிவைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நிறுவனம் செய்தது சரி என்றே தோன்றும். ஆனால் அதே மறுப்பு, குற்றமற்ற ஒருவருக்கு விசாரணைக்கு முன்பே வந்தால் அவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியோடுதான் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

அடுத்தது பணம் வரும் நேரம். பழைய பாணி இன்சூரன்ஸ்களில், விடுதலையான பிறகு செலவைத் திருப்பித் தருவோம் என்று இருக்கும். அது நமக்குப் பயனில்லை. நல்ல வக்கீல் முன்பணம் இல்லாமல் கோப்பைத் திறக்க மாட்டார், நிபுணர் சாட்சிகளும் அப்படித்தான். ஆரம்பத்திலிருந்தே நேரடியாகக் கட்டும் திட்டம்தான் வேண்டும். அதிலும் "ஆரம்பம்" எது என்று பாருங்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் கடுமையான குற்றச்சாட்டு முதலில் கிராண்ட் ஜூரி முன், அதாவது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவின் முன் போகும். அங்கேயே வழக்கை நிறுத்திவிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. குற்றச்சாட்டு பதிவான பிறகுதான் பணம் என்று சொல்லும் திட்டம் அந்த அருமையான வாய்ப்பை உங்கள் சொந்தச் செலவில் விட்டுவிடுகிறது.

மூன்றாவது, திருப்பிக் கேட்கும் ஷரத்து. தண்டனை கிடைத்தாலோ, குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, கொடுத்த பணத்தை உங்களிடமிருந்து வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறதா? இருந்தால் அதை நான் இன்சூரன்ஸாகவே கருத மாட்டேன், கடன் என்றுதான் கருதுவேன். இது மறைமுகமாக எப்படி அழுத்தும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் விசாரணை வரை போவதில்லை, அரசுத் தரப்போடு பேசி முடிவுக்கு வருகின்றன. சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தால், அந்த ஷரத்து உங்களை லட்சக்கணக்கான டாலர் கடனாளி ஆக்கிவிடக்கூடும்.

வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது? நீங்களே என்றால் நல்லது, ஆனால் நிறுவனம் அவருடைய கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் பட்டியல்தான் என்றால், உங்கள் கவுண்டியில் பட்டியலில் இருக்கும் பெயர்களைக் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் அவர் கொலை வழக்குகளை ஜூரி முன் நடத்தியவரா, போக்குவரத்து அபராத வழக்குகளை மட்டும் பார்ப்பவரா என்று தேடுங்கள். ஒரு மணி நேரம் செலவழித்தால் தெரிந்துவிடும்.

ஜாமீன் பற்றிய வரியை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். பல மாநிலங்களில் ஜாமீன் தொகையில் பத்து சதவீதத்தை ஜாமீன் முகவரிடம் கட்டினால் வெளியே வரலாம், அந்தப் பணம் திரும்பாது. விஸ்கான்சினில் ஜாமீன் முகவர்களே கிடையாது. அங்கே போராட்டத்தின்போது சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதிட்ட கைல் ரிட்டன்ஹவுஸ் 2020-ல் வெளியே வர 2 மில்லியன் டாலரையும் முழுசாகக் கட்ட வேண்டியிருந்தது. திட்டம் சொல்வது ஜாமீன் தொகையா, முகவர் கட்டணமா, வக்கீல் செலவுக்கான வரம்பிலிருந்து அது கழிக்கப்படுமா என்று கேளுங்கள். ஒரே வரம்பிலிருந்து எல்லாம் போனால், விசாரணை தொடங்கும்போது பாதிப் பணம் இருக்காது.

நிபுணர் சாட்சிகள், புலனாய்வாளர், ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராமல் மறுவிசாரணை வந்தால் அதன் செலவு, மேல்முறையீடு ஆகியவையும் இருக்கின்றனவா என்று வரிசையாகச் சரிபாருங்கள். மறுவிசாரணை என்பது ஏறத்தாழ முழுச் செலவும் இரண்டாம் முறை.

கடைசியாக விலக்குகள். மது அருந்தியிருந்தால், தடை செய்யப்பட்ட இடத்தில் துப்பாக்கி வைத்திருந்தால், குடும்ப உறுப்பினர்களுக்குள் நடந்தால், வேலை நேரத்தில் நடந்தால் என்று பட்டியல் நீளும். இதில் இரண்டைக் குறிப்பாகச் சொல்கிறேன். கடை நடத்துபவர்கள், கல்லாவில் நிற்கும்போது நடந்த சம்பவத்துக்குத் தனிநபர் திட்டம் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருந்தாவிட்டால் அந்தத் திட்டம் உங்களுக்குக் கிட்டத்தட்ட வீண். குடும்பத்துக்குள் வன்முறையை அனுபவித்துவரும் பெண்கள், குடும்ப விலக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் படியுங்கள். உங்களுக்கு ஆபத்து வருவது வாசலுக்கு வெளியிலிருந்து இல்லை என்றால், அந்த ஒரு வரி திட்டத்தையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

படி 6: மாநிலம்

யூஎஸ்சிசிஏ உட்படச் சில பெரிய திட்டங்கள் நியூயார்க், நியூஜெர்சி, வாஷிங்டன் மாநிலங்களில் வசிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. நியூஜெர்சியின் எடிசனிலும் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டல் பக்கத்திலும் இருக்கும் நம் மக்கள், டெக்சஸ் நண்பர் சொன்ன திட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேர முடியாது. டெக்சஸில் சேர்ந்துவிட்டு இந்த மாநிலங்களுக்கு வீடு மாறினாலும் பாதுகாப்பு தொடருமா என்று கேட்க வேண்டும்.

தற்காப்புச் சட்டமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸ், புளோரிடாவில் சட்டப்படி நிற்கும் இடத்திலிருந்து பின்வாங்கும் கடமை இல்லை. நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக விலக முடிந்தால் விலக வேண்டும். ஓஹையோவில் 2019 வரை தற்காப்பு என்பதைச் சுட்டவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. சட்டம் எவ்வளவு கடுமையோ, வழக்கு விசாரணைக்குப் போகும் வாய்ப்பும் அவ்வளவு. கடுமையான மாநிலத்தில் வசிப்பவர்கள் அதிக வரம்புள்ள திட்டத்தைப் பார்ப்பது நியாயம்.

படி 7: கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கேட்க வேண்டியவை

திட்டங்களின் விளம்பரங்கள் இங்கே பிறந்தவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அது சின்னக் குற்றமாக இருந்தாலும் நாடுகடத்தலுக்கு வழி வகுக்கும். சிறைக்குப் போகாமல் முடிகிறதே என்று ஒப்புக்கொள்ளும் ஒரு பேரம், இருபது வருட வாழ்க்கையை முடித்துவைத்துவிடும்.

2010-ல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு வக்கீல் நாடுகடத்தல் ஆபத்தைப் பற்றித் தன் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சொல்வது வேறு, குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலை வைத்துப் பேரத்தையே அதற்கேற்ப வடிவமைப்பது வேறு. எனவே திட்டத்திடம் கேளுங்கள்: குடியேற்ற வக்கீலின் ஆலோசனைக்குப் பணம் தருவீர்களா, குடியேற்ற நீதிமன்ற வழக்குக்கும் தருவீர்களா? பெரும்பாலும் இரண்டாவதற்கு இல்லை என்றுதான் பதில் வரும். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் தரும் உரிமை கிடையாது. ஆகவே அந்தச் செலவுக்குத் தனியாகச் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள், துப்பாக்கி வாங்கும் முன் அதை முடித்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 8: சேர்ந்த பிறகு

அவசர எண்ணைக் கைபேசியில் மட்டும் வைத்தால் போதாது. சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் கைபேசியை எடுத்துவிடும். எண் உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

முதல் அழைப்பு எப்போதும் 911-க்கு. அது பதிவாகிறது என்பதை நினைவில் வைத்து, முகவரி, தாக்கப்பட்டேன், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். போலீஸ் வந்ததும் சும்மா மௌனமாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2013-ல் டெக்சஸிலிருந்து போன ஒரு வழக்கில், கைதுக்கு முன் காட்டும் வெறும் மௌனத்தைக்கூட எதிராகப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. "மௌனமாக இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன், வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டு, ஆங்கிலத்தில், தெளிவாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடத் தோன்றும். பெரியவர்கள் அதிகாரியிடம் மரியாதையாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பழகியவர்கள். அவர்களிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

திட்டத்தின் அவசர எண்ணில் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். எடுப்பவர் வக்கீலாக இல்லாமல் ஊழியராக இருக்கலாம். அப்படியானால் அந்த உரையாடலுக்கு வக்கீல்–கட்சிக்காரர் இரகசியம் பொருந்தும் என்று நம்ப முடியாது. பெயர், உறுப்பினர் எண், எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டு, வக்கீல் வரும்வரை நடந்ததை விவரிக்காதீர்கள். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவும் ஒருநாள் நீதிமன்றத்தில் ஒலிக்கலாம்.

ஒப்பந்தத்தின் ஒரு அச்சுப் பிரதி துப்பாக்கிப் பெட்டகத்துக்கு வெளியே, மற்ற முக்கிய ஆவணங்களோடு இருக்கட்டும். ஆண்டுதோறும் சந்தா புதுப்பிக்கும் மாதத்தில் புதிய ஒப்பந்தத்தை வாங்கி, படி 5-ல் நீங்கள் குறித்து வைத்த வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனங்கள் இன்சூரன்ஸ் கூட்டாளியை மாற்றும்போது விலக்குகளும் மாறும், அதை மின்னஞ்சலின் அடியில் ஒரு இணைப்பாக மட்டுமே அனுப்புவார்கள். மாற்றம் உங்களுக்குப் பாதகமாக இருந்தால், பழைய சந்தா முடியும் முன்பே வேறு திட்டத்தில் சேர்ந்துவிட்டு இதை நிறுத்துங்கள். நடுவில் ஒருநாள் இடைவெளி இருந்தாலும் அந்த நாளில் நடக்கும் சம்பவத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.